கவுன்சிலுக்கு வீடு கொடுக்கலாமா?

ஈஸ்ட்ஹாம், இல்ஃபோர்ட், ஹரோ, டூட்டிங் என்று இலண்டனில் நம்மவர்கள் செறிந்து வாழும் இடங்களில், கடனோ உடனோ பட்டு இரண்டாவது வீடு ஒன்று வாங்கிப்போட்டவர்கள் கேட்கும் கேள்வி இது: "கவுன்சில்காரர் வீடு கேட்கினம், குடுக்கலாமோ?" கேட்பவருக்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் வேண்டும். அப்படிச் சொல்லிவிட முடியாது. ஒரு தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக இருங்கள், அடியிலிருந்து வருவோம். வீடு வைத்திருப்பவருக்கு மட்டுமல்ல, வீடு தேடி அலைபவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டிய சங்கதி.

முதலில், கவுன்சில் ஏன் வீடு கேட்கிறது? இரக்கத்தால் அல்ல, சட்டத்தால். 1977இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வீடற்றோர் சட்டத்தை நிறைவேற்றியது. லிபரல் கட்சி உறுப்பினர் ஸ்டீபன் ரோஸ் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தது. வீடில்லாமல் வந்து நிற்கும் குடும்பத்துக்கு இடம் தேடிக்கொடுப்பது கவுன்சிலின் கடமை என்று முதன்முறையாக எழுதிவைத்தது அதுதான். இப்போது இங்கிலாந்தில் நடைமுறையில் இருப்பது 1996 வீட்டுவசதிச் சட்டத்தின் ஏழாம் பகுதி. அதன்மேல் 2017இல் இன்னொரு சட்டம் வந்து, 2018 ஏப்ரல் முதல் அமலானது. அதுவும் தனிநபர் மசோதாதான். கொண்டுவந்தவர் ஹரோ கிழக்கு எம்.பி. பாப் பிளாக்மன். அந்தச் சட்டப்படி, இன்னும் 56 நாளுக்குள் வீட்டை இழக்கப்போகிறவர் வந்தாலே கவுன்சில் தலையிட வேண்டும். இழந்தபின் வந்தால் இன்னொரு 56 நாள் உதவி செய்ய வேண்டும். அதற்குப் பிறகும் வழி பிறக்கவில்லையென்றால்தான் 'முழுக் கடமை' வரும்.

அந்த முழுக் கடமை எல்லாருக்கும் கிடையாது. விசா நிலை இடம் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் இருக்க வேண்டும், அல்லது கர்ப்பமாக இருக்க வேண்டும், அல்லது முதுமை, நோய், குடும்ப வன்முறை போன்ற காரணங்களால் முன்னுரிமை பெற வேண்டும். தானாக வீட்டைக் கெடுத்துக்கொண்டவராக இருக்கக்கூடாது. அந்தப் பகுதியோடு தொடர்பும் கேட்பார்கள். ஆக, கவுன்சில் உங்கள் வீட்டுக்கு அனுப்பும் குடும்பம் யாரோ எவரோ அல்ல. இத்தனை சல்லடையையும் தாண்டி வந்த குடும்பம். பெரும்பாலும் பிள்ளைகளோடு வரும் தாய், வாடகை வீட்டை உரிமையாளர் விற்றதால் வெளியே வந்தவர்கள், வேலைக்குப் போயும் வாடகைக்குக் காணாதவர்கள்.

கவுன்சிலுக்குச் சொந்த வீடுகள் இல்லையா? இருந்தன. 1980இல் மார்கரெட் தாட்சர் அரசு, கவுன்சில் வீட்டில் குடியிருப்பவரே அதைக் கழிவு விலையில் வாங்கலாம் என்று சட்டம் போட்டது. அதிலிருந்து இங்கிலாந்தில் ஏறத்தாழ 20 லட்சம் வீடுகள் கைமாறின. விற்றது தவறா சரியா என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். விற்ற அளவுக்குப் புதிதாகக் கட்டவில்லை என்பதில் வாதமே இல்லை. 1980 வாக்கில் இங்கிலாந்தின் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று கவுன்சில் வீட்டிலோ வீட்டுவசதிச் சங்க வீட்டிலோ இருந்தது. இன்று ஆறில் ஒன்றுதான். வீட்டுக்குக் காத்திருப்போர் பட்டியலில் பெயர் பதிந்த குடும்பங்கள் 13 லட்சத்தைத் தொடுகின்றன.

இதே காலத்தில் தனியார் வாடகைச் சந்தை எதிர்த்திசையில் வளர்ந்தது. 1988 வீட்டுவசதிச் சட்டம் புதிய வாடகைகள் மீதிருந்த கட்டுப்பாட்டை எடுத்தது. 1989 ஜனவரி 15 முதல் குறுகிய கால ஒப்பந்தமும், காரணம் சொல்லாமலே வெளியேறச் சொல்லும் 21ஆம் பிரிவு நோட்டீஸும் வந்தன. 1996இல் வங்கிகள் வாடகைக்கு விடுவதற்கென்றே தனி மோர்ட்கேஜ் கொடுக்கத் தொடங்கின. நம்மவர் பலர் இரண்டாவது வீடு வாங்கியது அந்தக் கதவால்தான். பத்தில் ஒரு குடும்பத்துக்கும் குறைவாக இருந்த தனியார் வாடகை, இன்று ஐந்தில் ஒன்று.

கவுன்சிலிடம் வீடு இல்லை, தனியாரிடம் இருக்கிறது. அரசு இரண்டையும் முடிச்சுப் போட்டது. 2012 நவம்பர் முதல், வீடற்ற குடும்பத்துக்குத் தகுதியான தனியார் வாடகை வீடு ஒன்றைக் குறைந்தது 12 மாத ஒப்பந்தத்தில் எடுத்துக்கொடுத்தாலே தன் கடமையை முடித்துக்கொள்ளலாம் என்று கவுன்சில்களுக்கு அதிகாரம் கிடைத்தது. அதற்குமுன் குடும்பம் சம்மதித்தால்தான் அது நடக்கும். ஆக, இன்று உங்கள் கதவைத் தட்டும் கவுன்சில் அதிகாரி, ஒரு சட்டக் கடமையை முடிப்பதற்கு உங்கள் திறப்பைத் தேடி வருகிறார். இதை மனதில் வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

இனி விஷயத்தின் நடுப்பகுதிக்கு வருவோம். வாடகையை யார் கொடுப்பது?

வேலையில்லாதவருக்கும் சம்பளம் குறைந்தவருக்கும் யுனிவர்சல் கிரெடிட்டில் வாடகைக்கென்று ஒரு பங்கு உண்டு. அதற்கு உள்ளூர் வீட்டுப்படி என்று ஓர் உச்ச அளவு வைத்திருக்கிறார்கள். ஆங்கில எழுத்தால் 'எல்.எச்.ஏ.' என்பார்கள். ஒரு வட்டாரத்தில் 100 இரண்டறை வீடுகளின் வாடகையைக் குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசையாக எழுதுங்கள். முப்பதாவது வீட்டின் வாடகை எதுவோ அதுதான் படி. 2008இல் இந்த முறை வந்தபோது நடுவீட்டை, அதாவது ஐம்பதாவதை எடுத்தார்கள். 2011இல் முப்பதுக்கு இறக்கினார்கள்.

முப்பதாவது என்றால், 100இல் 30 வீடாவது இந்தக் காசுக்குக் கிடைக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? தாளில் அப்படித்தான். வாடகை வருடாவருடம் ஏறுகிறது, படி ஏறுவதில்லை. 2016 முதல் நான்கு வருடம் அதை உறைய வைத்தார்கள். 2020இல் பெருந்தொற்று வந்தபோது முப்பதாவது வீட்டுக்கு மறுபடி உயர்த்தினார்கள். பிறகு 2024 வரை மீண்டும் உறையல். 2024 ஏப்ரலில் உயர்த்தியபோதும் 2023 செப்டம்பர் வரையிலான வாடகைக் கணக்கைத்தான் பார்த்தார்கள். 2025இல் மறுபடியும் அப்படியே நிறுத்திவிட்டார்கள். இதனால் முப்பதாவது வீடு சில வருடத்தில் பத்தாவதாகி, பிறகு ஐந்தாவதாகிப் பின்னால் போய்விடுகிறது. படிக்குள் அடங்கும் வீட்டை இணையத்தில் தேடிப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. இரண்டறை வீட்டின் சந்தை வாடகை மாதம் 1,750 பவுண், படி 1,350 பவுண் என்று வையுங்கள். இடைவெளி 400. இரண்டு பிள்ளைகளோடு ஒரு தாய் அந்த வீட்டுக்கு வருகிறார். 2025-26இல் 25 வயது கடந்த தனியாளுக்கு யுனிவர்சல் கிரெடிட் அடிப்படைத் தொகையே மாதம் 400 பவுண்தான். ஆக அவர் தன் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் என்று பெறும் தொகை முழுவதும் இடைவெளியை அடைக்கவே போய்விடும். அவர் வேலைக்குப் போகாதவர் என்றால் இன்னொரு வெட்டும் உண்டு. ஒரு குடும்பம் பெறும் மொத்த உதவிக்கும் ஓர் உச்சவரம்பு இருக்கிறது. இலண்டனில் அது வருடத்துக்கு 25,323 பவுண், மாதத்துக்கு 2,110. அதில் வாடகைப் படி 1,350 போனால் மிச்சம் 760. இடைவெளி 400ஐயும் கட்டினால் மிச்சம் 360. அந்த 360 பவுணில் மூன்று பேர் ஒரு மாதம் சாப்பிட வேண்டும், கேஸும் கரண்டும் கட்ட வேண்டும், சின்னவனுக்குச் சப்பாத்து வாங்க வேண்டும்.

இதைப் பார்த்துத்தான் வீட்டு உரிமையாளர் பின்வாங்குகிறார். அவர் மனம் கல் என்பதல்ல. மூன்றாம் மாதம் அந்தத் தாயால் கட்ட முடியாது என்பது அவருக்கும் தெரியும். 'பெனிபிட் ஆட்களுக்கு இல்லை' என்று ஒரு காலத்தில் விளம்பரத்திலேயே போட்டார்கள். அப்படி ஒட்டுமொத்தமாக மறுப்பது சட்டவிரோதம் என்று 2020 ஜூலையில் யோர்க் கவுண்டி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பெண்களும் மாற்றுத்திறனாளிகளும்தான் அதிகம் பாதிக்கப்படுவதால் அது மறைமுகப் பாகுபாடு என்பது காரணம். விளம்பரத்திலிருந்து அந்த வரி போனது. இடைவெளி போகவில்லை.

இந்த இடைவெளியைத் தாண்ட கவுன்சில்கள் சில ஏற்பாடுகள் வைத்திருக்கின்றன. பெயர் கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். சாரம் மூன்றுதான்.

முதலாவது, நேரடி வாடகை. குடும்பத்தைக் கவுன்சில் அறிமுகம் செய்யும். ஒப்பந்தம் உங்களுக்கும் குடும்பத்துக்கும் இடையில். கவுன்சில் உங்களுக்கு ஒரு ஊக்கத்தொகையும், டிப்பாசிட்டுக்குப் பதிலாக ஒரு உத்தரவாதக் கடிதமும் தரும். வாடகை படியை ஒட்டியே இருக்கும். பணம் வராவிட்டால் துரத்த வேண்டியது நீங்கள். இடைவெளிக்குச் சில மாதம் மேலதிக உதவி கிடைக்கலாம். ஆனால் அது வருடாவருடம் வரும் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

இரண்டாவது, குத்தகை. வீட்டைக் கவுன்சிலோ அதனோடு சேர்ந்த வீட்டுவசதிச் சங்கமோ மூன்று, ஐந்து வருடத்துக்கு உங்களிடமிருந்து எடுத்து, தானே குடியமர்த்தி, தானே நிர்வகிக்கும். வாடகை சந்தையைவிடக் குறைவு. ஆனால் வீடு காலியாகக் கிடந்தாலும், குடியிருப்பவர் கட்டாவிட்டாலும் உங்கள் கணக்குக்குப் பணம் வரும். முடிவில், நியாயமான தேய்மானம் போக, பழைய நிலையில் திருப்பித் தருவதாக எழுதியிருக்கும். 'நியாயமான தேய்மானம்' என்ற அந்த இரண்டு சொல்லில்தான் சண்டை எல்லாம் இருக்கிறது. கொடுக்கும் நாளில் ஒவ்வொரு அறையையும் படம் எடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, இரவுக் கணக்கு. இதுதான் இந்த முழுக் கதையின் விசித்திரம். குடும்பம் வந்து நிற்கிறது, கவுன்சிலிடம் வீடில்லை, நீண்டகாலக் குத்தகைக்கும் யாரும் தரவில்லை. என்ன செய்யும்? ஏஜென்டிடம் ஓர் இரவுக்கு இவ்வளவு என்று அறையோ வீடோ எடுக்கும். பெயர்தான் தற்காலிகத் தங்குமிடம், பலர் அதில் வருடக்கணக்கில் கிடக்கிறார்கள். பிள்ளைகள் உள்ள குடும்பத்தைக் குளியலறை, குசினி பொதுவான பி அன்ட் பி விடுதியில் ஆறு வாரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்பது விதி. விதியை மீறியும் நடக்கிறது.

நம் உதாரண வீட்டையே எடுங்கள். ஓர் இரவுக்கு 70 பவுண் என்று வைத்தால் 30 நாளுக்கு 2,100. சந்தை வாடகையைவிட 350 அதிகம், படியைவிட 750 அதிகம். அதே வீடு, அதே தாய், அதே இரண்டு பிள்ளைகள். மாதக் கணக்கில் 400 பவுண் சேர்த்துக் கொடுக்க மனமில்லாத அரச அமைப்பு, இரவுக் கணக்கில் 750 பவுண் கூடுதலாகக் கொடுக்கிறது. மூடையாக வாங்கியிருக்கக்கூடிய அரிசியைத் தெருமுனைக் கடையில் சுண்டுக் கணக்கில் வாங்கித் தின்பது மாதிரி. இதைக் கண்ட உரிமையாளர் சிலர், குத்தகையில் கொடுத்திருந்த வீட்டைத் திருப்பி வாங்கி இரவுக் கணக்குக்கு மாற்றினார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தச் சந்தையைத் திறந்துவைத்தது விதிகள்.

இந்த நட்டத்தை யார் சுமக்கிறார்கள் என்றும் சொல்ல வேண்டும். தற்காலிகத் தங்குமிடத்துக்குக் கவுன்சில் செலவழித்ததை மத்திய அரசு முழுதாகத் திருப்பித் தருவதில்லை. 2011 ஜனவரியில் இருந்த படியின் 90 சதவீதம்தான் உச்ச அளவு. 2011 ஜனவரி! அதற்குப் பின் இலண்டன் வாடகை எங்கே போய்விட்டது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மீதி முழுவதும் கவுன்சிலின் பொதுப் பணம். நூலகத்துக்கும் முதியோர் பராமரிப்புக்கும் போக வேண்டிய காசு. 2024-25இல் இங்கிலாந்துக் கவுன்சில்கள் இதற்கு ஏறத்தாழ 280 கோடி பவுண் செலவழித்தன. 2025 மார்ச் இறுதியில் 1,30,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் இப்படித் தற்காலிகமாகத் தங்கியிருந்தன. அவற்றில் பிள்ளைகள் மட்டும் 1,69,000 அளவில். இங்கிலாந்திலேயே மிக அதிக விகிதம் எங்கே தெரியுமா? நம் ஈஸ்ட்ஹாம் இருக்கும் நியூஹாமில். அங்கே ஏறத்தாழ 20 குடும்பங்களுக்கு ஒன்று தற்காலிகத் தங்குமிடத்தில்.

உரிமையாளரின் பயங்களுக்கு வருவோம். வாடகை நேரே என் கைக்கு வருமா? வராது. யுனிவர்சல் கிரெடிட் குடியிருப்பவரின் கணக்குக்குத்தான் போகும், அதுவும் மாதம் முடிந்தபின். முதல் தடவை விண்ணப்பிப்பவருக்கு முதல் பணம் வர ஐந்து வாரம். வாடகை இரண்டு மாதம் பாக்கி விழுந்தாலோ, குடியிருப்பவருக்குப் பணத்தைக் கையாள முடியாத நிலை என்றாலோ, நேரடியாக உங்களுக்கு அனுப்பும்படி கேட்கலாம். பாக்கி விழும்வரை பார்த்திருக்காமல், ஆரம்பத்திலேயே கவுன்சில் மூலம் இதைப் பேசி முடிப்பது புத்தி.

அடுத்த பயம், எழுப்ப முடியுமா என்பது. இதில் கவுன்சில்களே தங்கள் பெயரைக் கெடுத்துக்கொண்டன. உரிமையாளர் நோட்டீஸ் கொடுப்பார். நோட்டீஸோடு குடும்பம் கவுன்சிலுக்கு ஓடும். "இப்போது வெளியே வந்தால் நீங்களாகவே வீடற்றவர் ஆனதாகிவிடும், நீதிமன்றப் பெய்லிஃப் வரும்வரை உள்ளேயே இருங்கள்" என்று அங்கே சொல்லி அனுப்புவார்கள். அப்படி வழக்கமாகச் செய்யக்கூடாது என்று அரசின் வழிகாட்டி நெறியிலேயே இருக்கிறது. இருந்தும் செய்தார்கள். குடும்பம் மாதக்கணக்கில் பயந்து சாகும், நீதிமன்றச் செலவு அதன் தலையில் விழும், உரிமையாளருக்கு வாடகையும் போகும். அடுத்த மாதம் அதே கவுன்சிலின் இன்னொரு பிரிவு அதே உரிமையாளருக்குப் போன் அடித்து, "வீடு இருக்கிறதா, நாங்கள் நல்ல ஊக்கத்தொகை தருகிறோம்" என்று கேட்கும். அவர் என்ன சொல்வார்?

இப்போது இந்தக் களமே மாறுகிறது. 2025 அக்டோபர் 27இல் வாடகைதாரர் உரிமைச் சட்டம் அரச ஒப்புதல் பெற்றது. 2026 மே 1 முதல் தனியார் வாடகையில் 21ஆம் பிரிவு கிடையாது. காரணம் சொல்லித்தான் எழுப்பலாம். வீட்டை விற்கவோ தானே குடிவரவோ வேண்டுமென்றால் நான்கு மாத நோட்டீஸ். குடியேறிய முதல் 12 மாதத்துக்குள் அந்தக் காரணங்களைப் பயன்படுத்தவும் முடியாது. வாடகைப் பாக்கி என்றால் மூன்று மாத அளவு சேர்ந்திருக்க வேண்டும். வாடகையை வருடத்துக்கு ஒரு தடவைதான் கூட்டலாம். விளம்பரத்தில் போட்ட வாடகைக்கு மேல் ஏலம் விடக்கூடாது. ஒரு மாதத்துக்கு மேல் முன்வாடகை கேட்கக்கூடாது. பெனிபிட் எடுக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று ஒருவரை விலக்குவதும் சட்டவிரோதம்.

இந்தச் சட்டத்தால் வீடு கிடைப்பது இன்னும் அரிதாகும் என்பது உரிமையாளர் தரப்பு. அடிக்கடி மாறும் அலைச்சல் ஒழியும் என்பது வாடகைதாரர் தரப்பு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தனியார் வாடகை ஒப்பந்தம் முடிந்துபோவதுதான் இங்கிலாந்தில் குடும்பங்கள் கவுன்சிலின் வாசலுக்கு வருவதற்கான பெரிய காரணங்களில் ஒன்று. ஆளை வெளியே விடுவதும் தனியார் வாடகை, ஆளை உள்ளே எடுக்கச் சொல்லிக் கேட்பதும் தனியார் வாடகையிடம். வெளியே வரும் வேகம் குறையாமல், உள்ளே அனுப்புவதற்கு எத்தனை ஊக்கத்தொகை கொடுத்தாலும் ஓட்டைப் பானைதான்.

அடுத்து வீட்டின் நிலை. கவுன்சில் ஆள் பார்க்க வரும்போது எங்கே பார்ப்பார் என்று தெரிந்தால் பாதி வேலை மிச்சம். வாசலில் நின்று வரவேற்பறையைப் பாராட்டுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். நேரே பின்பக்கப் படுக்கையறைக்குப் போய், வெளிச்சுவரோடு ஒட்டிய அலுமாரியை ஒரு அடி இழுத்து, அதன் பின்னால் பார்ப்பார். கறுத்த புள்ளிகள் அங்கேதான் இருக்கும். குளியலறையில் காற்றாடியைப் போட்டு, அது காற்றை உண்மையிலேயே இழுக்கிறதா என்று பார்ப்பார். மாடிக்கு ஒரு புகை அலாரம். பாய்லர் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம். கேஸ் சான்றிதழ் வருடத்துக்கு ஒன்று, மின்சார அறிக்கை ஐந்து வருடத்துக்கு ஒன்று, எரிசக்திச் சான்று குறைந்தது 'இ' தரம். டிப்பாசிட் வாங்கினால் ஐந்து வார வாடகைக்கு மேல் கூடாது, 30 நாளுக்குள் பாதுகாப்புத் திட்டத்தில் பதிய வேண்டும். லைசென்ஸ் தேவையான பகுதியா என்றும் பாருங்கள். தனியார் வாடகை வீடுகளுக்குத் தன் எல்லை முழுவதும் லைசென்ஸ் கேட்கத் தொடங்கிய முதல் கவுன்சிலும் நியூஹாம்தான், 2013 ஜனவரியில்.

பூஞ்சையைப் பற்றி ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2020 டிசம்பரில் ரோச்டேலில் ஆவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை வீட்டுப் பூஞ்சையால் இறந்தது. அது தனியார் வீடல்ல, வீட்டுவசதிச் சங்கத்தின் வீடு. பெற்றோர் முறையிட்டும் சரிசெய்யவில்லை. அந்தப் பிள்ளையின் பெயராலேயே ஒரு சட்டம் வந்து, 2025 அக்டோபரில் சமூக வீடுகளுக்கு அமலானது. தனியார் வாடகைக்கும் அதை விரிப்பதற்குப் புதிய சட்டம் வழி திறந்திருக்கிறது. "ஜன்னலைத் திறந்து விடுங்கோ, கறி சமைக்கிறபடியால்தான் வருது" என்று சொல்லித் தட்டிக்கழிக்கும் காலம் முடிந்தது.

குடிவருபவர் பக்கமும் நின்று ஒரு தடவை பாருங்கள். கவுன்சில் 'தகுதியான வீடு' என்று ஒன்றைக் காட்டும். அது பிள்ளைகளின் பள்ளியிலிருந்து இரண்டு பஸ் தள்ளி இருக்கலாம். இலண்டனுக்கு வெளியே வேறொரு ஊரிலேயே இருக்கலாம். வேண்டாம் என்றால் கவுன்சிலின் கடமை அத்தோடு முடிந்துவிடும், இருக்கும் தற்காலிக இடமும் போகும். பலருக்குத் தெரியாத வழி ஒன்று உண்டு. வீட்டை ஏற்றுக்கொண்டு குடிபோய்விட்டு, அது தகுதியற்றது என்று 21 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். மறுத்துவிட்டுக் கேட்டால், தோற்கும்போது கையில் ஒன்றும் இருக்காது. கோபத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் படும் பாட்டைப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

35 வயதுக்குக் குறைந்த தனியாளின் நிலை இன்னும் மோசம். அவருக்குப் பெரும்பாலும் பகிர்ந்த வீட்டில் ஓர் அறைக்கான படிதான். முன்னுரிமைப் பட்டியலிலும் பெயர் வராது. தனியாக வந்து, அகதி அந்தஸ்து கிடைத்த கையோடு அரச தங்குமிடத்தை விட்டு வெளியேறச் சொல்லப்படும் நம் பெடியன்களில் பலர் இந்தப் பொறியில்தான் விழுகிறார்கள். ஸ்கொட்லாந்து இந்த முன்னுரிமைச் சல்லடையையே 2012 இறுதியில் தூக்கிவிட்டது. அங்கே வீடில்லை என்றால் தனியாளுக்கும் கடமை உண்டு. அங்கும் வீடு பற்றாக்குறைதான், நெருக்கடிதான். ஆனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவதில்லை.

சரி, முதல் கேள்விக்கு என் பதில். கொடுக்கலாம். தர்மம் என்று நினைத்துக் கொடுக்காதீர்கள். தர்மம் என்று தொடங்குவது மனஸ்தாபத்தில் முடியும். கணக்கு என்று நினைத்துக் கொடுங்கள். மோர்ட்கேஜைக் கட்டிக்கொண்டு, மாதம் தவறாமல் பணம் வந்தால் போதும், வீட்டின் பின்னால் ஓட நேரமில்லை என்பவருக்குக் குத்தகை பொருந்தும். பக்கத்திலேயே இருக்கிறேன், ஆட்களோடு பேசிப் பழகுவேன் என்பவருக்கு நேரடி வாடகை பொருந்தும். இரவுக் கணக்கில் காசு அதிகம்தான். ஆனால் ஒரு குடும்பத்தை என்றைக்கு வேண்டுமானாலும் தூக்கலாம் என்ற நிலையில் வைத்துத்தான் அந்தக் காசு வருகிறது, அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். எதுவானாலும் கையெழுத்துக்கு முன் மோர்ட்கேஜ் கொடுத்தவரிடமும் இன்ஷூரன்ஸிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஒப்பந்தத்தில் மூன்று இடத்தை விரல் வைத்து வாசியுங்கள்: வீடு காலியாக இருந்தால் யார் கொடுப்பது, திருத்த வேலை யார் செய்வது, முடிவில் காலி செய்து தராவிட்டால் என்ன நடக்கும்.

அரசுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. வீட்டுப்படியை வாடகை ஏறும்போதெல்லாம் கூட ஏற்றுங்கள். தற்காலிகத் தங்குமிடத்துக்குத் தரும் தொகையை 2011இலிருந்து நகர்த்துங்கள். அதோடு கவுன்சில் வீடு கட்டுங்கள். முதல் இரண்டும் செலவு என்பார்கள். அந்தச் செலவு இப்போதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது, இரவுக் கணக்கில்.

இதை வாசிக்கும் நீங்கள் வீடு கொடுப்பவர் அல்ல, வீட்டை இழக்கப்போகிறவர் என்றால், உங்களுக்கு ஒரே ஒரு சொல். நோட்டீஸ் கையில் கிடைத்த அன்றே கவுன்சிலுக்குப் போங்கள். கடைசி நாள் வரை பொறுத்திருந்து, பெட்டி படுக்கையோடு போய் நிற்காதீர்கள். அந்த 56 நாள் சட்டம் உங்களுக்காகத்தான் எழுதப்பட்டது.